பில்லைக் காட்டினால் இருவருக்கும் காப்புரிமை கிடைக்காது

கேள்வி: வக்கீல் ஐயாவுக்கு வணக்கம். பேட்டையில் சின்னதாக லேத் பட்டறை நடத்துகிறேன். அம்மா பிறந்த ஊர் பத்தமடை. பாய் நெய்துதான் எங்களை வளர்த்தார். கோரையைக் கையால் கிழித்துக் கிழித்து அவர் விரல் எல்லாம் கீறல். அதைப் பார்த்துத்தான் மூன்று வருடம் பாடுபட்டு, கோரை கிழிக்கும் இயந்திரம் செய்தேன். 2023 ஜூனில் இரண்டும் செப்டம்பரில் ஒன்றும் ஜிஎஸ்டி பில் போட்டு விற்றேன். யூடியூபில் வீடியோவும் போட்டேன். அதன் பிறகு ஒரு பொறியியல் கல்லூரியின் தொழில் வளர் மையம் (இன்குபேட்டர்) வழியாக, மாநில அரசின் புத்தாக்க வவுச்சர் மானியத்தில் 5 லட்சம் ரூபாய் அனுமதியானது. ஈரக் கோரைக்கும் காய்ந்த கோரைக்கும் ஏற்ப பிளேடு வரிசை தானே இறுகித் தளரும் அமைப்பை நானும் பேராசிரியரும் சேர்ந்து சேர்த்தோம். 2024 நவம்பரில் கல்லூரி தன் பெயரில் காப்புரிமைக்கு (பேட்டன்ட்) விண்ணப்பித்துவிட்டது. கண்டுபிடித்தவர்கள் என்று பேராசிரியர் பெயரும் இரண்டு மாணவர்கள் பெயரும் இருக்கின்றன. என் பெயர் இல்லை. பாராட்டு விழாவுக்குக்கூட என்னைக் கூப்பிடவில்லை. என்னிடம் பில் இருக்கிறது, வீடியோ இருக்கிறது. நோட்டீஸ் விட்டு, போலீசிலும் புகார் கொடுத்து, இது என்னுடையது என்று நிரூபிக்க வேண்டும். வழி சொல்லுங்கள்.

பதில்: அண்ணாச்சி, நோட்டீஸ் அனுப்ப வேண்டாம். போலீசுக்கும் போக வேண்டாம். விழாவுக்கு அழைக்காததும் பெயரை விட்டதும் மனசைச் சுடும். மூன்று வருட உழைப்பும் பெரிதுதான். ஆனால் இவற்றில் எதையும் காப்புரிமை அலுவலகம் எடை போடாது. அது கேட்கும் முதல் கேள்வி, 2024 நவம்பருக்கு முன்னால் இந்த இயந்திரம் வெளியே வந்துவிட்டதா என்பது. அதற்கான விடையை உங்கள் கடிதத்திலேயே எழுதிவிட்டீர்கள்: 2023 ஜூன், பில்லோடு.

அந்தப் பில் இயந்திரம் உங்களுடையது என்று காட்டும். விண்ணப்பத் தேதியில் அது புதியதாக இல்லை என்பதையும் சேர்த்தே காட்டும். புதியதாக இல்லாத பொருளுக்குக் கல்லூரிக்கும் காப்புரிமை கிடையாது, உங்களுக்கும் கிடையாது. 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 25ஆம் பிரிவில் எதிர்ப்பு மனு போட்டால் இரண்டு காரணங்கள் உங்கள் முன் நிற்கும். ஒன்று, என்னிடமிருந்து முறைகேடாக எடுத்துக்கொண்டார்கள் என்பது. மற்றது, இது முன்பே பொதுப் பயன்பாட்டில் இருந்தது என்பது. முதல் காரணத்தில் ஜெயித்தால் உரிமை உங்கள் பெயருக்கு வர 26ஆம் பிரிவு வழி வைத்திருக்கிறது. இரண்டாவதில் ஜெயித்தால் உரிமையே இல்லாமல் போகும். நீங்கள் முதல் காரணத்துக்காக எடுத்து வைக்கும் பில்லும் வீடியோவும் இரண்டாவது காரணத்தை நிரூபித்துவிடும். மறுநாள் கோயம்புத்தூரில் லேத் வைத்திருக்கும் எவரும் உங்கள் இயந்திரத்தை அப்படியே செய்து பத்தமடையிலேயே விற்கலாம். தடுக்க உங்களுக்கும் வழியிருக்காது, கல்லூரிக்கும் இருக்காது.

"வெளியிட்டு ஒரு வருடத்துக்குள் விண்ணப்பித்தால் போதும்" என்று எல்லோரும் சொல்கிறார்களே என்பீர்கள். அது அமெரிக்க வழக்கம். நம் சட்டத்தில் அப்படிப் பொதுவான விலக்கு இல்லை. குறுகிய சில விலக்குகள்தான் உண்டு. 32ஆம் பிரிவு, விண்ணப்பத்துக்கு முந்திய ஒரு வருடத்துக்குள் பொது இடத்தில் இயக்கிப் பார்த்ததை மன்னிக்கும். ஆனால் அது நியாயமான சோதனைக்காக மட்டும் இருக்க வேண்டும், பொது இடத்தில் சோதிக்காமல் வேறு வழியில்லை என்றும் இருக்க வேண்டும். உங்கள் முதல் விற்பனைக்கும் விண்ணப்பத்துக்கும் இடையே 17 மாதம். அதிலும் காசு வாங்கி, பில் போட்டு விற்றதைச் சோதனை என்று சொல்ல முடியாது. 31ஆம் பிரிவு கண்காட்சிக்கானது. மத்திய அரசு அரசிதழில் அறிவித்த கண்காட்சியாக இருந்து, 12 மாதத்துக்குள் விண்ணப்பித்தால்தான் அது உதவும். பாளையங்கோட்டையில் நடக்கும் எல்லாப் பொருட்காட்சியும் அதில் சேராது. அரசிடம் மானியம் கேட்டு விவரம் கொடுத்ததற்கு 30ஆம் பிரிவு பாதுகாப்பு தருகிறது. ஆகவே வவுச்சர் விண்ணப்பத்தில் எழுதியதால் உங்களுக்குக் கேடு இல்லை. கல்லூரி முந்திக்கொண்டு விண்ணப்பித்ததுகூட, அதை மட்டும் வைத்து, உண்மையான கண்டுபிடிப்பாளரைத் தடுக்காது என்று 29ஆம் பிரிவு சொல்கிறது. உங்களைத் தடுப்பது நீங்களே செய்த விற்பனையும் நீங்களே போட்ட வீடியோவும்தான். இதைச் சொல்ல எனக்கே கஷ்டமாக இருக்கிறது.

மானியம் வாங்கியவர்கள் தெரியாமல் மாட்டிக்கொள்ளும் இடம் இனிமேல்தான் வருகிறது. எதிர்ப்பு மனுவோடு பிரமாணப் பத்திரம் போடுவீர்கள். "2023 ஜூனிலேயே முழு இயந்திரம் செய்து விற்றுவிட்டேன்" என்று அதில் சத்தியம் செய்வீர்கள். வவுச்சர் விண்ணப்பத்தில் என்ன எழுதினீர்கள் என்று இப்போதே எடுத்துப் படியுங்கள். "எண்ணம் மட்டும் இருக்கிறது, முன்மாதிரி செய்யப் பணம் வேண்டும்" என்று எழுதியிருந்தால், உங்கள் பிரமாணப் பத்திரமே மானியம் கொடுத்தவர் கையில் ஆதாரமாகிவிடும். ஏற்கெனவே விற்பனையில் இருந்த பொருளுக்கு முன்மாதிரி செய்யப் பணம் வாங்கினீர்களா என்று கேட்பார்கள். அனுமதிக் கடிதத்தில் தவறான தகவலுக்குப் பணத்தைத் திரும்பப் பெறும் நிபந்தனை இருக்கிறதா, வட்டி உண்டா என்று பாருங்கள். மையங்கள் எழுதிக் கொடுக்கும் விண்ணப்பத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டு வருகிறவர்கள்தான் இதில் அதிகம் சிக்குகிறார்கள். "ஏற்கெனவே இருக்கும் இயந்திரத்தை மேம்படுத்த" என்று எழுதியிருந்தால் பயம் இல்லை. மாறாக எழுதியிருந்தால், அடுத்த முன்னேற்ற அறிக்கையிலேயே அடிப்படை இயந்திரம் எப்போது செய்தது, மானியத்தில் சேர்த்தது எது என்று பிரித்து எழுதிக் கொடுத்துவிடுங்கள். பணப் பயன்பாட்டுச் சான்றிதழும் அந்தப் பிரிவினையோடு ஒத்துப்போக வேண்டும். நீங்களாகச் சொன்னால் அது திருத்தம். அவர்கள் கண்டுபிடித்தால் அது குற்றச்சாட்டு.

இதைப் படித்ததும் வீடியோவை அழித்துவிடலாமா, பில் தேதியை மாற்றலாமா என்று யாராவது உங்களுக்கு யோசனை சொல்வார்கள். தொடாதீர்கள். நீங்கள் தாக்கல் செய்த ஜிஎஸ்டி விற்பனைக் கணக்கில் (ஜிஎஸ்டிஆர்-1) உங்கள் விற்பனை ஏறி வருடங்கள் ஆகிவிட்டன. காகிதத்தை மாற்றினால் கணக்கோடு மோதும். ஆதாரத்தை அழிப்பதும் ஆவணத்தைத் திருத்துவதும் தனிக் குற்றங்கள். உரிமைத் தகராறாக இருப்பது உங்கள் மீதான கிரிமினல் வழக்காக மாறும். அதே சமயம் புதிதாக எதையும் போடவும் வேண்டாம். கோபத்தில் வாட்ஸ்அப் குழுவில் எழுதும் ஒவ்வொரு வரியும் உங்களுக்கு எதிரான ஒப்புதலாகப் படிக்கப்படும். நோட்டீஸ் வேண்டாம் என்று சொன்னதும் இதனால்தான். "2023லேயே விற்றேன்" என்று நோட்டீஸில் வீராப்பாக எழுதும் வரி காலத்துக்கும் உங்களைத் தொடரும்.

இன்னும் உயிரோடு இருப்பது பிளேடு வரிசை தானே இறுகித் தளரும் அமைப்பு. 2023இல் விற்ற மூன்று இயந்திரங்களிலும் அது இல்லை, வீடியோவிலும் இல்லை என்றால் அது 2024 நவம்பரில் புதியதுதான். வெளியான விண்ணப்பத்தை இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அதன் கடைசியில் உரிமைக் கோரல்கள் இருக்கும், அதாவது எதற்கெல்லாம் காப்புரிமை கேட்கிறார்கள் என்று எண் போட்டுச் சொல்லும் வரிகள். முதல் கோரலை எடுத்து, நீங்கள் விற்ற இயந்திரத்தோடு ஒவ்வொரு உறுப்பாக ஒப்பிடுங்கள்: உருளை, பிளேடு வரிசை, கோரையை உள்ளே தள்ளும் பகுதி, மோட்டார். முதல் கோரலில் இவை மட்டுமே இருந்தால் அது நிற்காது. இறுகித் தளரும் அமைப்பும் அதில் சேர்ந்திருந்தால் நிற்க வழியிருக்கிறது. கல்லூரி விரும்பினால் படிவம் 13 போட்டு முதல் கோரலைச் சுருக்கிக்கொள்ளலாம். சுருக்கத்தான் 59ஆம் பிரிவு அனுமதிக்கும், விரிக்க அனுமதிக்காது. இந்தத் திருத்தம் உங்களுக்கு எவ்வளவு தேவையோ, அவ்வளவு கல்லூரிக்கும் தேவை. அவர்கள் பேச்சுவார்த்தைக்கு உட்காருவதற்கு இதுவே காரணம்.

ஆகவே சமரசம் செய்துகொள்ளுங்கள். கேட்க வேண்டியது பாதி உரிமை. பாதிதானா என்று முகம் சுளிக்க வேண்டாம். கூட்டு உரிமையாளர்கள் பற்றிய 50ஆம் பிரிவைப் பாருங்கள். வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், ஒவ்வொரு கூட்டாளியும் மற்றவருக்குக் கணக்குக் காட்டாமல், பங்கு கொடுக்காமல், தானே தயாரித்து விற்றுக்கொள்ளலாம். ஆனால் மற்றவர் சம்மதம் இல்லாமல் வேறு யாருக்கும் உரிமம் கொடுக்க முடியாது, தன் பங்கை விற்கவும் முடியாது. கல்லூரியிடம் பட்டறை இல்லை, உங்களிடம் இருக்கிறது. அவர்கள் உரிமத்தை வேறு கம்பெனிக்குக் கொடுக்க நினைத்தாலும் உங்கள் கையெழுத்து வேண்டும். தயாரிக்கிறவன் கையில் இருக்கும் பாதி, சந்தையில் ஏறக்குறைய முழு உரிமையாகவே வேலை செய்யும்.

இங்கேயும் ஒரு குழி இருக்கிறது. "கண்டுபிடிப்பாளர் பட்டியலில் உங்கள் பெயரையும் சேர்த்துவிடுகிறோம்" என்று இனிமையாகச் சொல்வார்கள். படிவம் 8 போட்டால் பெயர் சேரும், ஆனால் அதனால் காப்புரிமையில் எந்த உரிமையும் வராது என்று 28ஆம் பிரிவே சொல்கிறது. பெயர் சேர்வது மரியாதை, அதையும் வாங்கிக்கொள்ளுங்கள். பணம் வருவது விண்ணப்பதாரர் என்ற இடத்திலிருந்துதான். அதற்கு எழுத்துமூலமான உரிமை மாற்று ஒப்பந்தமும் படிவம் 6உம் வேண்டும். காப்புரிமை வழங்கிய பிறகு என்றால் படிவம் 16. வாய்ப் பேச்சும் கல்லூரி முதல்வரின் மின்னஞ்சல் உறுதியும் போதாது. 68ஆம் பிரிவின்படி உரிமை மாற்றம் எழுத்தில், முறையான ஆவணமாக இருந்தால்தான் செல்லும்.

ஒப்பந்தத்தில் விட்டுவிடக் கூடாதவை: நீங்கள் கணக்குக் காட்டாமல் தயாரிக்கும் உரிமையை 50ஆம் பிரிவை நம்பி விடாமல் வெளிப்படையாக எழுதுவது, அடுத்த மேம்பாடு யாருடையது என்பது, புதுப்பித்தல் கட்டணம் யார் கட்டுவது என்பது. கட்டத் தவறினால் காப்புரிமை தானாக இறந்துபோகும் என்பதால் கடைசியாகச் சொன்னதை இலேசாக விடாதீர்கள். பேராசிரியருக்கு ஆய்வுக் கட்டுரை முக்கியம், கல்லூரிக்கு அங்கீகாரப் புள்ளி முக்கியம். அவை இரண்டையும் தாராளமாக விட்டுக்கொடுங்கள், அதனால் உங்களுக்கு ஒரு ரூபாயும் நஷ்டமில்லை.

பேசப் போகும் முன், மையத்தில் சேரும்போது நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தைத் தேடி எடுங்கள். "இங்கே உருவாகும் அறிவுசார் சொத்து அனைத்தும் நிறுவனத்துக்கே" என்று அதில் ஒரு வரி இருந்தால் உங்கள் பேரம் பாதியாகக் குறையும். அப்போது பாதி உரிமைக்குப் பதிலாக நிரந்தரமான, ராயல்டி இல்லாத தயாரிப்பு உரிமம் கேளுங்கள். பிறருக்குத் தரப்படாத தனி உரிமமாக வாங்க முடிந்தால் இன்னும் நல்லது. அப்படி ஒரு வரி இல்லாவிட்டால், பிளேடு அமைப்பில் உங்கள் பங்கைக் காட்டும் வரைபடம், பேராசிரியரோடு நடந்த வாட்ஸ்அப் உரையாடல், பட்டறை நோட்டுப் புத்தகம் ஆகியவற்றைத் தேதி வரிசையில் அடுக்கி வையுங்கள். 2023 பில்லை அந்தக் கோப்பில் வைக்காதீர்கள். அடிப்படை இயந்திரம் முன்பே விற்பனையில் இருந்ததால் முதல் கோரலைச் சுருக்க வேண்டும் என்று வாயால் சொன்னால் போதும், அவர்கள் வக்கீலுக்குப் புரியும். உங்கள் தரப்பிலிருந்து போகும் கடிதம் "உரிமைகளுக்குப் பாதகமின்றி, சமரசத்துக்காக" என்ற தலைப்போடு போகட்டும்.

பில்லைப் பத்திரமாக வேறு இடத்தில் வையுங்கள். நாளை கல்லூரியோ, அவர்களிடம் உரிமை வாங்கியவரோ பழைய மாதிரி இயந்திரத்துக்காக உங்கள் மீது வழக்குப் போட்டால், 107ஆம் பிரிவின் கீழ் அதுதான் உங்கள் எதிர்வாதம். இன்றைய நிலையில் காப்புரிமை வழங்கப்படாதவரை உங்கள் மீது வழக்கே போட முடியாது. 2023 மாதிரியை இன்றும் நாளையும் தாராளமாகச் செய்து விற்கலாம். புது அமைப்போடு செய்வதை மட்டும் ஒப்பந்தம் ஆகும்வரை நிறுத்தி வையுங்கள்.

கல்லூரி மசியவே இல்லை என்றால் எதிர்ப்பு மனுதான் வழி. காப்புரிமை வழங்கும் முன்பு என்றால் படிவம் 7ஏ, 2024 விதித் திருத்தத்துக்குப் பிறகு அதற்குக் கட்டணமும் உண்டு. வழங்கிய பிறகு என்றால், வழங்கிய செய்தி காப்புரிமை அலுவலக இதழில் வெளியாகி ஒரு வருடத்துக்குள் படிவம் 7. மனுவைப் பிளேடு அமைப்போடு மட்டும் நிறுத்திக்கொள்ள வேண்டும். கிண்டி காப்புரிமை அலுவலகத்தில் நடக்கும் விசாரணை, மேல்முறையீடு என்றால் உயர் நீதிமன்றம் என்று வருடக் கணக்கில் நெல்லை எக்ஸ்பிரஸில் போய் வருவீர்கள். அதற்குள் அந்த இயந்திரத்தை விட நல்ல இயந்திரத்தை நீங்களே செய்துவிடுவீர்கள்.

அந்த அடுத்த இயந்திரத்துக்காவது வரிசை மாறக் கூடாது. முதலில் கண்டுபிடிப்பின் சாரத்தைச் சொல்லும் தற்காலிக விவரக் குறிப்போடு விண்ணப்பம். சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு இருந்து, படிவம் 28 வைத்தால் இணையவழிக் கட்டணம் 1,600 ரூபாய்தான். அன்றைய தேதி உங்களுடையது. முழு விவரக் குறிப்புக்கு 12 மாதம் அவகாசம் இருக்கிறது. அதற்குப் பிறகுதான் மானிய மேடை, வீடியோ, விற்பனை எல்லாம். மத்திய அரசின் எம்எஸ்எம்இ இன்னோவேட்டிவ் திட்டத்தில் உள்நாட்டுக் காப்புரிமைக்கு 1 லட்சம் ரூபாய் வரை திரும்பக் கிடைக்கும். காப்புரிமை கைக்கு வந்த பிறகுதான் அது வரும், ஆகவே முதலில் உங்கள் கைக்காசு வேண்டும். இயந்திரத்தின் பெயருக்கு வணிகக் குறி (டிரேட்மார்க்) விண்ணப்பம் இன்றைக்கே போடலாம். இணையவழிக் கட்டணம் 4,500 ரூபாய். ஏற்கெனவே அந்தப் பெயரில் விற்றிருப்பது அங்கே உங்களுக்குச் சாதகம். இப்போதைக்கு 2023 பில்லைத் தயங்காமல் நீட்டக்கூடிய மேசை அது ஒன்றுதான்.