நவம்பரை மட்டும் பார்த்தால் தெரியாது

கேள்வி: அமெரிக்காவில் சிகாகோவின் தெற்குப் பகுதியைக் கொண்ட இல்லினாய்ஸ் மாநில முதலாம் நாடாளுமன்றத் தொகுதியில் 1934-லிருந்து ஜனநாயகக் கட்சி ஒருமுறைகூடத் தோற்றதில்லை. அப்படியென்றால் அங்கே தேர்தல் வெறும் சடங்குதானே? ஒபாமா அங்கே தோற்றார் என்றும் படித்தேன். அது எப்படி?

பதில்: உங்கள் இரண்டாவது கேள்வியிலேயே முதல் கேள்விக்குப் பதில் இருக்கிறது. ஒபாமாவை அங்கே தோற்கடித்தது எதிர்க்கட்சி அல்ல, அவருடைய சொந்தக் கட்சியின் வாக்காளர்கள். நீங்கள் நவம்பர் பொதுத்தேர்தல் முடிவுகளைப் பார்த்துவிட்டுச் சடங்கு என்கிறீர்கள். அந்தத் தொகுதியில் நிஜமான சண்டை பெரும்பாலும் மார்ச் மாதத்தில் முடிந்துவிடும்.

பிரைமரி என்ற முன்தேர்தலைத்தான் சொல்கிறேன். நம் ஊரில் வேட்பாளர் யார் என்பதைக் கட்சித் தலைமை அறிவிக்கும். அங்கே அதற்கே ஒரு வாக்குப்பதிவு உண்டு. இல்லினாய்ஸில் வாக்களிக்கக் கட்சி உறுப்பினர் அட்டை வேண்டாம். சாவடியில் எந்தக் கட்சியின் வாக்குச்சீட்டு வேண்டும் என்று கேட்டு வாங்கினால் போதும். ஒரு கட்சி மட்டுமே ஜெயிக்கிற தொகுதியில் அந்தச் சீட்டுதான் உண்மையான வாக்கு.

2000 மார்ச்சில் நடந்ததைப் பாருங்கள். பதவியில் இருந்தவர் பாபி ரஷ். கறுப்பின உரிமைக்காகப் போராடிய பிளாக் பாந்தர் கட்சியை இல்லினாய்ஸில் தொடங்கியவர்களில் ஒருவர். 1999 பிப்ரவரியில் மேயர் தேர்தலில் ரிச்சர்ட் எம். டேலியிடம் படுதோல்வி அடைந்திருந்தார். ஆள் பலவீனமாகிவிட்டார் என்று கணக்குப் போட்டு மாநில செனட்டர் ஒபாமா இறங்கினார். மேயர் பதவிக்கு ரஷ்ஷை வேண்டாம் என்றவர்கள் நகரம் முழுக்க இருந்தவர்கள்; காங்கிரஸுக்கு, அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு, அவரை அனுப்பியவர்கள் தெற்குச் சிகாகோக்காரர்கள். இரண்டும் ஒரே கூட்டம் அல்ல. கணக்கு பிசகியது அங்கேதான். 1999 அக்டோபரில் ரஷ்ஷின் மகன் சுடப்பட்டு இறந்தார். தொகுதியே அவர் பக்கம் நின்றது. ஆண்டு முடிவில் துப்பாக்கிக் கட்டுப்பாட்டு மசோதா மாநில செனட்டில் வாக்கெடுப்புக்கு வந்தபோது ஒபாமா ஹவாயில், உடல்நலமில்லாத குழந்தையுடன் இருந்தார். காரணம் நியாயமானதுதான், ஆனால் துப்பாக்கிச் சாவு ஒன்றுக்குத் துக்கம் காத்துக்கொண்டிருந்த ஊரில் அது எடுபடவில்லை. போதாததற்கு அதிபர் கிளின்டன் ரஷ்ஷுக்கு ஆதரவு தெரிவித்தார். முடிவு: ரஷ் 61 சதவீதம், ஒபாமா 30.

இதைச் சடங்கு என்பீர்களா?

ஒரு கட்சி என்பதும் ஆதியிலிருந்து வந்ததல்ல. 1928-ல் அது குடியரசுக் கட்சித் தொகுதி. தென் மாநிலங்களிலிருந்து சிகாகோவுக்கு வந்து குவிந்த கறுப்பின மக்களுக்கு அப்போது லிங்கனின் கட்சியே தங்கள் கட்சி. அந்த ஆண்டு பிரைமரி முடிந்த சில நாட்களில் நீண்டகால உறுப்பினர் மார்ட்டின் மேடன் இறந்துபோக, கட்சியின் வார்டு கமிட்டித் தலைவர்கள் கூடி ஆஸ்கர் டி பிரீஸ்டை வேட்பாளராக்கினார்கள். 1901-க்குப் பிறகு காங்கிரஸில் நுழைந்த முதல் கறுப்பின உறுப்பினர் அவர். 1934-ல் ஜனநாயகக் கட்சி அதிபர் ரூஸ்வெல்ட்டின் அலையில் அவரை வீழ்த்திய ஆர்தர் மிட்செல், காங்கிரஸின் முதல் கறுப்பின ஜனநாயகக் கட்சிக்காரர். அன்று தொடங்கியதுதான் நீங்கள் சொல்லும் கணக்கு.

அந்தக் கணக்குக்குள் எத்தனை கவிழ்ப்புகள் என்பதைத்தான் நீங்கள் பார்க்கவில்லை. ரால்ஃப் மெட்காஃப் 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் 100 மீட்டரில் ஜெசி ஓவன்ஸுக்கு அடுத்து வந்தவர், 1970-ல் கட்சி இயந்திரத்தின் (மேயரின் பிடியில் இருந்த, அரசு வேலைகளைக் கொடுத்து வாக்குச் சேர்த்த அமைப்பு) ஆளாகவே ஜெயித்தவர். 1972-ல், பக்கவாதம் தாக்கிக் காரை மோதிவிட்ட ஒரு கறுப்பினப் பல் மருத்துவரைக் குடிபோதை என்று முடிவுகட்டி லாக்கப்பில் போட்டது சிகாகோ போலீஸ். இதற்காக மெட்காஃப் மேயர் டேலியை (மேலே சொன்ன டேலியின் தந்தை) வெளிப்படையாக எதிர்த்தார். அவர் கையிலிருந்த அரசு வேலைச் சிபாரிசுகள் பறிக்கப்பட்டன. 1976 பிரைமரியில் கட்சி இயந்திரமே ஒருவரை எதிரே நிறுத்தியது. வாக்காளர்கள் மெட்காஃபைப் பெரிய வித்தியாசத்தில் ஜெயிக்க வைத்தார்கள். வீடு வீடாக ஆள் வைத்திருந்த ஓர் அமைப்பை எதிர்த்துக் கிடைத்த வெற்றி அது. என் கண்ணில் அந்தத் தொகுதி வரலாற்றின் மிகப் பெரிய நாள் அதுதான்.

1978 அக்டோபரில், பொதுத்தேர்தலுக்குச் சில வாரம் முன்பு, அவர் இறந்தார். மறுபடியும் கமிட்டித் தலைவர்கள் ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள்: பென்னட் ஸ்டுவர்ட். நவம்பரில் ஜெயித்தார். 1980 பிரைமரியிலேயே அவரை அனுப்பிவிட்டு ஹெரால்டு வாஷிங்டனைக் கொண்டுவந்தார்கள் வாக்காளர்கள். அவர் 1983-ல் சிகாகோவின் முதல் கறுப்பின மேயரானார். தொகுதியில் அவருக்கு அடுத்து வந்த சார்லஸ் ஹேயஸ், காங்கிரஸ் உறுப்பினர்களின் வங்கியில் இருப்புக்கு மேல் காசோலை எழுதிய விவகாரம் வெடித்த நேரத்தில், 1992 பிரைமரியில் ரஷ்ஷிடம் தோற்றார்.

இன்னொன்று: பெயர் ஒன்றுதான், நிலம் ஒன்றல்ல. 1901-ல் வரைந்த எல்லையை 1940-கள் வரை மாற்றாமலே ஓட்டினார்கள். மாநிலத்தில் ஒரு தொகுதிக்கு 1,12,116 பேர், இன்னொன்றுக்கு 9,14,053 பேர். உச்ச நீதிமன்றம் 1964-ல் சம மக்கள்தொகை வேண்டும் என்ற பிறகு பத்தாண்டுக்கு ஒருமுறை எல்லை மாறுகிறது. 1970-களில் காங்கிரஸின் கீழவையில் இல்லினாய்ஸுக்கு 24 இடங்கள், இப்போது 17. தெற்குச் சிகாகோவில் ஆட்கள் குறையக் குறைய, ஏழரை லட்சம் பேரைச் சேர்க்கத் தொகுதி புறநகர் தாண்டிக் கான்ககீ மாவட்டத்தின் வயல்வெளி வரை நீண்டுவிட்டது. ஆகவே 1950-ன் வாக்குச் சதவீதத்தையும் 2022-ன் வாக்குச் சதவீதத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீர்கள்.

உங்களுக்குக் கோபம் வர வேண்டிய இடம் வேறு. 2022-ல் ரஷ் விலகியதும் ஜனநாயகக் கட்சிப் பிரைமரியில் 17 பேர் நின்றார்கள். கறுப்பின உரிமைத் தலைவர் ஜெசி ஜாக்சனின் மகன் ஜொனாதன் ஜாக்சன் 28 சதவீதத்தோடு ஜெயித்தார். பத்தில் ஏழு பேர் வேறு யாருக்கோ போட்டிருந்தும் நவம்பரில் அவர் வெற்றி உறுதி. ஜார்ஜியா மாநிலத்தில் பாதிக்கு மேல் யாரும் வாங்காவிட்டால் முதல் இருவருக்கும் இடையே இரண்டாம் சுற்று வாக்குப்பதிவு உண்டு. அதே சிகாகோவிலும் மேயர் தேர்தலுக்கு அந்த விதி இருக்கிறது. 2015, 2019, 2023 மூன்று முறையும் இரண்டாம் சுற்று நடந்தது. காங்கிரஸ் பிரைமரிக்கு மட்டும் இல்லினாய்ஸில் இல்லை.