குளிரில் சைக்ளோகிராஸ் (சேறும் புல்லும் தடுப்புப் பலகைகளும் உள்ள பாதையில், வேண்டிய இடத்தில் இறங்கி ஓடும் சைக்கிள் பந்தயம்): கேள்வி பதில்

சேற்றுக்கால்: அண்ணா, முதல் பந்தயம் வருகிறது. காலை 9 மணி, 0 டிகிரியை ஒட்டிய குளிர். 33 மி.மீ. டியூப்லெஸ் (உள்டியூப் இல்லாத) டயர், என் எடை 70 கிலோ. எவ்வளவு காற்று வைக்கலாம்?

முன்னால் 24, பின்னால் 26 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வைத்துத் தொடங்குங்கள். அதை எங்கே அளக்கிறீர்கள் என்பது இன்னும் முக்கியம். 20 டிகிரி அறையில் 25 பிஎஸ்ஐ அடித்துவிட்டு 0 டிகிரி மைதானத்துக்கு வண்டியைக் கொண்டுபோனால், டயரில் மிஞ்சுவது ஏறக்குறைய 22 தான். எங்கும் கசியவில்லை, குளிர்ந்ததால் அழுத்தம் இறங்கிவிட்டது. வண்டி அரை மணி நேரம் வெளியே நின்ற பிறகு அளந்து பாருங்கள். பெரிய பம்பின் முள் இந்தக் குறைந்த அழுத்தத்தில் சரியாகக் காட்டாது. குறைந்த அழுத்தத்துக்கென்றே உள்ள கேஜ் ஒன்றை வாங்கி, எப்போதும் அதையே பயன்படுத்துங்கள்.

பிறகு முழு வேகத்தில் ஒரு சுற்று. ரிம் (சக்கர வளையம்) ஒருமுறைகூடத் தரையில் இடிக்கவில்லையா, 1 பிஎஸ்ஐ இறக்குங்கள். மூன்று நான்கு இடத்தில் இடித்தால் ஏற்றுங்கள். காலையில் உறைந்து கிடக்கும் சக்கரத்தடங்கள் கல்லுக்குச் சமம், அவற்றுக்கு 2 பிஎஸ்ஐ கூடுதலாக வேண்டும். வெயில் ஏறியதும் மேல்மண் மட்டும் இளகி, அடிமண் உறைந்தே இருக்கும். வழுக்குவதில் அதைவிட மோசமான தரை இல்லை. அதனால் பந்தயம் 11 மணிக்கு என்றால், 8 மணிக்குப் பார்த்த பாதையை நம்பி இறங்காதீர்கள். தொடக்கத்துக்கு முன் கிடைக்கும் கடைசி இடைவெளியில் இன்னொரு சுற்று போய்ப் பாருங்கள்.

பழைய சக்கரம்: 24 ரொம்ப அதிகம். நல்ல ஓட்டக்காரர்கள் சேற்றில் 18க்கும் கீழே போகிறார்கள். காற்று குறையக் குறையப் பிடிமானம் கூடும்.

அவர்களில் பலர் ஓட்டுவது டியூபுலர். ரிம்மில் பசை போட்டு ஒட்டிய டயர், காற்று குறைந்தாலும் ரிம்மை விட்டு எளிதில் விலகாது. டியூப்லெஸ்ஸில் அப்படி இல்லை. பக்கச்சரிவில் திரும்பும்போது டயரின் விளிம்பு ஒரு நொடி ரிம்மை விட்டு நகர்ந்தால் போதும், பாதிக் காற்று போய்விடும்.

பழைய சக்கரம்: உள்ளே சீலன்ட் (ஓட்டை அடைக்கும் திரவம்) இருக்கிறதே, அது அடைக்காதா?

சீலன்ட் அடைப்பது முள் குத்திய ஓட்டையை. விளிம்பு விலகிய இடைவெளியை அது அடைக்காது, குளிரில் வேலை செய்வதும் மெதுவாகத்தான்.

பழைய சக்கரம்: ரிம் டேப் இன்னொரு அடுக்கு சுற்றினால் விளிம்பு இறுக்கமாக உட்காரும். அப்போது குறைக்கலாமா?

இதை ஒப்புக்கொள்கிறேன். டயரை ஏற்றவே கை வலிக்கும் அளவு இறுக்கம் இருந்தால் 2 பிஎஸ்ஐ வரை குறைத்துப் பார்க்கலாம். பந்தயத்துக்கு முன்பே, பக்கச்சரிவில் உடல் எடை முழுவதையும் சாய்த்து ஓட்டிச் சோதியுங்கள்.

இரண்டாம் வரிசை: காலுக்குச் சூட்டுத் தைலமா, நீள உறையா?

வார்ம்-அப்பின்போது உறையும் மேல்சட்டையும் போட்டிருங்கள். 20 நிமிடம் ஓட்டி, கடைசியில் மூச்சு வாங்கும் அளவுக்கு இரண்டு மூன்று விரைவு ஓட்டங்கள். தொடக்கக் கோட்டில் 10 நிமிடம் நிற்க வேண்டியிருக்கும், சேர்த்த சூடெல்லாம் அங்கேதான் போய்விடும். பக்கவாட்டில் முழு நீள ஜிப் வைத்த கால்சட்டை இருந்தால் ஷூவைக் கழற்றாமல் கடைசி இரண்டு நிமிடத்தில் உருவிவிடலாம்.

5 டிகிரிக்குக் கீழே என்றால் முழங்கால் மூடியிருக்கட்டும். தைலம் தோலைத்தான் சூடாக்கும், மூட்டைக் காக்காது. பூசுவதென்றால் ஓட்டக் கால்சட்டையைப் போட்ட பிறகு பூசுங்கள். பூசிய காலில் உடையை இழுத்து ஏற்றினால் தைலம் போகக்கூடாத இடத்துக்கெல்லாம் போய்விடும். கான்டாக்ட் லென்ஸை அதற்கு முன்பே போட்டுவிடுங்கள். குளிப்பதற்கு முன் எண்ணெய் தொட்ட துணியால் துடைத்தெடுங்கள், வெந்நீர் பட்டால் எரிச்சல் பல மடங்காகும்.

விரல்நுனி: கால்விரல் மரத்துப்போகிறது. இரண்டு காலுறை போடலாமா?

கூடாது. ஷூ இறுகினால் ரத்த ஓட்டம் குறையும், விரல் இன்னும் விறைக்கும். மெல்லிய கம்பளிக் காலுறை ஒன்று, ஷூ முனைக்கு மேலுறை, அவ்வளவுதான். கைக்கு மெல்லிய நியோபிரீன் கையுறை: நனைந்தாலும் சூடு தங்கும், பிரேக்கும் விரலில் உணரும்.

புதியவன்: சார், எவ்வளவு காற்று அடிக்கணும்?

முதல் பதிலில் இருக்கிறது. வெளியே வைத்து அளங்கள்.

தடுப்புப்பலகை: பலகை முன்னால் இறங்கும்போது இடது கால் பெடலிலேயே மாட்டிக்கொள்கிறது.

கிளீட்டில் (ஷூவின் அடியில் இருந்து பெடலில் மாட்டும் துண்டு) சேறு உறைந்திருக்கும். தொடக்கத்துக்கு முன் பெடலிலும் கிளீட்டிலும் சமையல் எண்ணெய் ஸ்பிரே லேசாக அடித்தால் சேறு ஒட்டாது. டிஸ்க் பிரேக் பக்கம் ஒரு துளிகூடப் போகக்கூடாது: பேடில் எண்ணெய் ஊறினால் அந்த பேட் குப்பைக்குத்தான். பலகை 40 செ.மீ. வரை உயரமிருக்கும். வலது காலைச் சீட்டுக்குப் பின்னால் சுழற்றி இடப்பக்கம் கொண்டுவாருங்கள், வலது கை மேல்குழாயில் இருக்கட்டும். வலது பாதம் தரையைத் தொடும் முன்பே இடது கிளீட் கழன்றிருக்க வேண்டும்.

கரகரப்பு: ஒரே பந்தயத்தில் பிரேக் பேட் தீர்ந்துவிட்டது. பழுதா?

ரெசின் (பிசின் கலந்த) பேட் ஈரமணலில் அப்படித்தான் கரையும். உங்கள் ரோட்டர் (பேட் பிடிக்கும் வட்டத்தகடு) ஏற்குமென்றால் சின்டர்டு (உலோகத்தூள்) பேடுக்கு மாறுங்கள். ‘ரெசின் மட்டும்’ என்று ரோட்டரில் பொறித்திருந்தால் மாற்ற வேண்டாம்.

மூச்சிரைப்பு: குளிர்காற்றில் நெஞ்சு இறுகி விசில் சத்தம் வருகிறது.

மருத்துவரைப் பார்த்த பிறகு பந்தயத்தைப் பற்றி யோசியுங்கள்.

கனவண்டி: 85 கிலோ எடை. காற்று?

28, 30. வெளியே வைத்து அளங்கள். இனி காற்றுக் கேள்விக்குப் பதில் இல்லை.

ஈரச்சட்டை: முடிந்ததும் முதலில் வண்டியைக் கழுவவா?

முதலில் உடம்பு. ஐந்து நிமிடத்துக்குள் ஈரமான மேலுடையைக் கழற்றித் துடைத்து, உலர்ந்த சட்டையும் தொப்பியும் போடுங்கள். கீழுடை அதற்குப் பிறகு. விறைத்த கையை வெந்நீரில் விடாதீர்கள், வெதுவெதுப்பான நீர் போதும். வண்டியைக் கழுவும்போது உயரழுத்த நீரை பேரிங் மேல் நேராகப் பாய்ச்சாதீர்கள். கழுவியதும் செயினையும் டிரெயிலியரையும் (கியர் மாற்றும் பாகம்) துடைத்து எண்ணெய் விடுங்கள், ஈரத்தோடு வெளியே நிறுத்தினால் கியர் உறைந்துவிடும்.