அட்டையில் ‘அட்வான்ஸ்ட்’ என்று இருந்தால் போதுமா?

கேள்வி: நான் ஒட்டுசுட்டானைச் சேர்ந்தவள். தகவல் தொழினுட்பத்தில் உயர் டிப்ளோமா முடித்து, இரண்டு ஆண்டுகளாக ஜாவா மொழியில் செய்நிரல் எழுதி வருகிறேன். சிறு வேலைகளைத் தனியாகச் செய்து கொடுக்கிறேன். ஆனால் நிறுவனங்களின் நேர்முகத் தேர்வில் முதற் கட்டத்தைக்கூடத் தாண்ட முடியவில்லை. வவுனியாவில் ஒரு புத்தகக் கடையில் ‘அட்வான்ஸ்ட் ஜாவா’ என்று அட்டையில் போட்ட, 900 பக்கமளவான தடித்த புத்தகத்தை 7,500 ரூபாய்க்கு எனக்காக எடுத்து வைத்திருக்கிறார்கள். இதற்கு மேற்பட்ட புத்தகம் இல்லை என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வாங்க வேண்டாம். கடைக்காரர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. அவர் அட்டையைப் படித்துச் சொல்கிறார், அட்டையோ உங்கள் தேவையை அறியாது. இந்தியப் பல்கலைக்கழகப் பாடத்திட்டங்களை ஒட்டி எழுதப்பட்டு நம் கடைகளுக்கு வரும் நூல்களில் ‘அட்வான்ஸ்ட் ஜாவா’ என்பது பெரும்பாலும் ஒரு பாடத்தின் பெயர் மட்டுமே. தரவுத்தளத்துடன் இணைக்கும் ஜேடிபிசி, இணையச் சேவையகத்தில் இயங்கும் சேவ்லெட், ஜேஎஸ்பி என்று அடுத்தடுத்த நூலகங்களை, அதாவது ஆயத்தச் செய்நிரல் தொகுதிகளை, அறிமுகப்படுத்துவதே அதன் வேலை. அவற்றைப் படித்தால் உங்களுக்குத் தெரிந்த விடயங்களின் எண்ணிக்கை கூடும். நீங்கள் எழுதும் செய்நிரலின் தரம் உயர்ந்துவிடும் என்று சொல்ல முடியாது.

அந்தப் புத்தகம் எந்தக் காலத்தது என்பதை கடையில் நின்றபடியே கண்டுபிடிக்கலாம். சேவ்லெட் பற்றிய அத்தியாயத்தைத் திறந்து, மாதிரிச் செய்நிரலின் தலைப்பில் உள்ள இம்போர்ட் வரிகளைப் பாருங்கள். அவை ‘ஜாவாக்ஸ்’ என்று தொடங்கினால் நூல் பழைய முறையைப் பின்பற்றுகிறது; 2020 இல் வெளியான ஜகார்த்தா இஇ 9 என்ற தரநிலைப் பதிப்புடன் அந்தப் பெயர்கள் ‘ஜகார்த்தா’ என்று மாறிவிட்டன. பழைய வரிகளை அப்படியே தட்டச்சு செய்து டொம்கற் 10 சேவையகத்தில் இயக்க முயன்றால் அது இயங்காது. பிழை உங்களுடையதா நூலுடையதா என்று தெரியாமல் இரண்டு இரவுகள் போய்விடும். மாங்குளத்தில் பஸ் மாறி வவுனியாவுக்குத் திரும்பப் போய்ப் புத்தகத்தை மாற்றுவது அதைவிடச் சிரமம்.

இனி, உங்களுக்கு எது தேவை என்பதற்கு வருகிறேன். வீட்டில் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். மாணவர் என்று ஒரு வகுப்பை எழுதி, பதிவிலக்கத்தை மட்டும் அதன் புலமாக வையுங்கள். இரண்டு பொருள்களின் பதிவிலக்கம் ஒன்றாக இருந்தால் அவை சமம் என்று ஈக்குவல்ஸ் முறையை மாற்றி எழுதுங்கள். பொருளுக்கு ஓர் எண்ணைக் கணித்துத் தரும் ஹேஷ்கோட் முறையைத் தொடாதீர்கள். பிறகு ஒரே பதிவிலக்கம் கொண்ட இரு பொருள்களை உருவாக்கி, சமமான பொருள்களில் ஒன்றை மட்டுமே வைத்துக்கொள்ளும் ஹேஷ்செட் தொகுப்பு ஒன்றில் இட்டு, உள்ளே எத்தனை இருக்கின்றன என்று அச்சிடுங்கள். ஒன்று என்று எதிர்பார்ப்பீர்கள். பெரும்பாலும் இரண்டு என்றே வரும். ஏன் இரண்டு என்பதை யாரிடமும் கேட்காமல் உங்களால் விளக்க முடியாவிட்டால், உங்களுக்குத் தேவை புதிய நூலகங்களைச் சொல்லும் நூல் அன்று; தெரிந்த மொழியைச் சரியாகக் கையாளச் சொல்லித்தரும் நூல்.

அந்த வகையில் நான் முதலில் சொல்வது ஜோஷுவா பிளாக் எழுதிய ‘எஃபெக்டிவ் ஜாவா’. மேற்சொன்ன ஹேஷ்கோட் சிக்கல் அதில் தனியோர் உருப்படியாகவே விளக்கப்பட்டிருக்கிறது. மொத்தம் 90 உருப்படிகள். ஒவ்வொன்றும் சில பக்கங்களே என்பதால், ஓர் இரவுக்கு ஒன்றைப் படித்து, மறுநாள் உங்கள் பழைய செய்நிரலில் அதே தவறு இருக்கிறதா என்று தேடலாம். ஆனால் 90 உருப்படிகள் என்பது மூன்றாம் பதிப்பின் கணக்கு. 2008 இல் வந்த இரண்டாம் பதிப்பு மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். 2014 இல் ஜாவா 8 உடன் வந்த லாம்டா, ஸ்ட்ரீம் ஆகிய மொழி வசதிகள் அதில் இல்லை, இன்றைய நிறுவனங்களின் செய்நிரல்களிலோ அவை இல்லாத பக்கத்தைக் காண்பது அரிது. இது ஜாவாவை அடியிலிருந்து கற்பிக்கும் நூல் அன்று என்பதையும் நினைவில் வையுங்கள். இரண்டு ஆண்டு அனுபவம் உள்ள உங்களுக்கு அது ஒரு குறையாகாது.

நேர்முகத்தில் நீங்கள் தடுக்கிவிழும் இடம் தரவுக் கட்டமைப்பும் படிமுறையும் என்றால் கதை வேறு. அதற்குப் பலரும் பரிந்துரைக்கும் ‘இன்ட்ரடக்‌ஷன் டு அல்கரிதம்ஸ்’ நூலின் நான்காம் பதிப்பு, 2022 இல் வந்தது, 1,300 பக்கங்களுக்கு மேல் போகிறது. அது நல்ல நூல்தான், ஆனால் அலமாரிக்கு அழகு சேர்த்துவிட்டு அங்கேயே தங்கிவிடுகிற நூலும் அதுதான். கிளிநொச்சி அறிவியல் நகர் வளாகத்திலோ வவுனியாப் பல்கலைக்கழகத்திலோ படிக்கும் நண்பர் எவராவது இருந்தால், அவருடன் அமர்ந்து தேவையான நான்கைந்து அத்தியாயங்களை மட்டும் படித்துக் குறிப்பெடுங்கள். உங்கள் 7,500 ரூபாயை அதில் போடாதீர்கள்.

அட்டைச் சொல்லை நம்பக்கூடாது என்பதற்கு இன்னோர் எடுத்துக்காட்டு. அமெரிக்காவின் எம்ஐடியில் முதலாண்டு மாணவருக்கான பாடநூலாக எழுதப்பட்ட ‘ஸ்ட்ரக்சர் அண்ட் இன்டர்பிரிட்டேஷன் ஒஃப் கம்பியூட்டர் புரோகிராம்ஸ்’, அனுபவம் மிக்கவர்களையும் திணறவைக்கும். 1996 இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பை இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். மாதிரிகள் ஸ்கீம் மொழியில் இருப்பதால் உங்கள் நேர்முகத்துக்கு அது உடனே உதவாது. ஆர்வம் இருந்தால் சிக்னல் நன்றாக உள்ள இடத்தில் ஒருமுறை தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மகன் மல்லாவியில் உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கிறான். பைதனுக்கு மேல்மட்டப் புத்தகம் ஒன்று வாங்கிக் கொடுத்தால் பரீட்சைக்கு உதவுமா?

பதில்: உதவாது. பாடத்திட்டம் கேட்பது அடிப்படைகளையே. அவற்றைக் கடந்தகால வினாத்தாள்களில் பழகுவதே அவனுக்குப் போதும். ஆர்வத்துக்காக வாங்குவதானால், எந்தப் பக்கத்திலாவது பிரிண்ட் கட்டளையைத் தேடுங்கள். அச்சிடவேண்டிய சொற்கள் அடைப்புக்குறிக்குள் இல்லாவிட்டால் அது பைதன் 2 காலத்து நூல். அந்தப் பதிப்புக்கான ஆதரவு 2020 ஜனவரி 1 உடன் நின்றுவிட்டது. பாதி விலைக்குத் தந்தாலும் வேண்டாம்.

கேள்வி: ஒரே புத்தகத்தின் சுருள்கம்பி கட்டிய போட்டோப் பிரதி 1,800 ரூபாய், இந்தியப் பதிப்பு 4,500 ரூபாய் என்கிறார்கள். உள்ளடக்கம் ஒன்றுதானே? – செட்டிகுளத்திலிருந்து ஒரு வாசகர்.

பதில்: கதைப் புத்தகமானால் எழுத்து மங்கினாலும் ஊகித்துப் படித்துவிடலாம். செய்நிரல் நூலில் அது நடவாது. பிரதியின் பிரதியில் முதலில் மறைவது அடிக்கோடு. அடுத்து முற்றுப்புள்ளியும் காற்புள்ளியும் ஒன்றுபோலாகும். பக்க ஓரம் சாய்ந்திருந்தால் பைதன் வரிகளின் உள்தள்ளலைக் கணிக்கவே முடியாது, அந்த மொழியிலோ உள்தள்ளல்தான் பொருளைத் தீர்மானிக்கிறது. நூல் முழுவதையும் இப்படிப் படியெடுத்து விற்பது பதிப்புரிமைச் சட்டத்துக்கு முரணானது என்பதும் உண்டு.

இந்தியப் பதிப்பை வாங்குங்கள். தாள் மெலிதாக இருக்கும், வண்ணப் படங்கள் கறுப்பு வெள்ளையாகியிருக்கும். உரை பெரும்பாலும் மாறியிருக்காது. சில பாடநூல்களில் பயிற்சிக் கணக்குகள் மட்டும் வேறுபடுவதுண்டு, ஆகவே வகுப்பில் குறிப்பிட்ட எண்ணுள்ள கணக்கைச் செய்யச் சொன்னால் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அச்சுப் பிழை பக்கம் பக்கமாக வருவதைவிட 16 பக்கக் கட்டுகளாக வருவதே வழக்கம். ஒரு கட்டு விடுபட்டு மற்றொன்று இருமுறை தைக்கப்பட்டிருக்கும். பணம் கொடுக்குமுன் பக்க எண்களை ஒருமுறை விரலால் ஓட்டிப் பாருங்கள். பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். கேட்டால் கொடுக்கவேண்டியது 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி வியாபாரியின் கடமை. குறைபாடுள்ள பிரதியை மாற்றித்தர மறுத்தால் அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு 1977 என்ற இலக்கத்தில் அதிகாரசபையிடம் முறையிடலாம்.