களை பிடுங்கும் காலத்தில் பிள்ளையோடு பேச நேரம் ஏது?

(வாசகர் கேள்விகளுக்குப் பதில் எழுதுபவர், திருகோணமலை மாவட்டத்தில் குடும்பநல மருத்துவமாதாக வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்.)

கேள்வி: என் மகளுக்கு 20 மாதம். எங்களுக்கு இரண்டு ஏக்கர் வயல் இருக்கிறது. அது போதாமல் நான் கூலிக்கும் களை பிடுங்கப் போகிறேன். பகல் முழுவதும் பிள்ளை மாமியிடம்தான். ‘அம்மா’, ‘தா’ என்பவற்றைத் தவிர வேறு பேச்சு வரவில்லை. பிள்ளையோடு நிறையப் பேசுங்கள் என்று கிளினிக்கில் சொல்கிறார்கள். விடியப் போய்ப் பொழுதுபடத் திரும்புகிறவளுக்கு நேரம் எங்கே இருக்கிறது? கைபேசியில் பாட்டுப் போட்டுக் கொடுத்தால் பேச்சு வரும் என்கிறார் கணவர். வயலுக்குக் கூட்டிப் போகலாமா என்றும் யோசிக்கிறேன்.
(வாசகி, தம்பலகாமம்)

பதில்: மகள், முதலில் ஒரு வேலை இருக்கிறது. நெல் வெட்டு முடியட்டும் என்று அதைத் தள்ளிப்போட வேண்டாம். பிள்ளையின் காது கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளைகளுக்குக் காதின் உட்புறத்தில் நீர் தேங்கிக் கேட்கும் திறன் மங்குவது உண்டு. வெளியில் ஒன்றும் தெரியாது. பிள்ளை சிரிக்கும், ஓடும், வாய் மட்டும் திறக்காது. பின்னால் நின்று மெதுவாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள். திரும்பினாலும் கிளினிக்கில் சொல்லுங்கள், மேற்கொண்டு சோதிக்க வழி செய்வார்கள். காதுக்குள் எண்ணெய் காய்ச்சி விடுவதை மட்டும் யார் சொன்னாலும் செய்ய வேண்டாம்.

‘இவளின் அப்பனும் மூன்று வயதில்தான் வாய் திறந்தான்’ என்று உங்கள் மாமி சொல்லியிருப்பார். எல்லா வீட்டிலும் அப்படி ஓர் அப்பன் இருக்கிறான்! அதை நம்பி இருந்துவிடாதீர்கள். பிள்ளை வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டுகிறாளா? ‘செருப்பை எடுத்து வா’ என்றால், நீங்கள் கை காட்டாமலே விளங்கிக்கொள்கிறாளா? இவை இருந்தால் பாதிக் கவலை குறையும். இல்லாவிட்டால், அல்லது முன்பு சொன்ன சொற்களை இப்போது சொல்லாமல் விட்டிருந்தால், இந்த வாரமே போங்கள். கிளினிக்கில் தந்த பதிவேட்டையும் விரித்துப் பாருங்கள். நிறைப் பக்கத்தில் மாதாமாதம் புள்ளி விழுந்திருக்கும். எப்போது உட்கார்ந்தாள், எப்போது நடந்தாள், எப்போது பேசினாள் என்று குறிக்கும் பக்கம் வெறுமையாக இருக்கும். நான் பார்த்த வீடுகளில் பெரும்பாலும் அப்படித்தான். நிறையைப் பற்றிக் கவலைப்படும் நாங்கள் பேச்சைப் பற்றிக் கேட்க மறந்துவிடுகிறோம்.

இனி, நேரம். பாய் போட்டு, பொம்மை பரப்பி, எதிரே உட்கார்ந்து பேச வேண்டும் என்று நினைத்தால் எந்த வயல்காரிக்கும் அது முடியாது. செய்கிற வேலைக்குள்ளேயே பேச்சு இருக்கட்டும். மூதூர்ப் பக்கம் ஒரு வீட்டில் ஓர் அப்பம்மாவைப் பார்த்திருக்கிறேன். சுளகில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். பேரனுக்கு ஒன்றரை வயது இருக்கும். அவன் ஒரு நெல்லைக் கிள்ளி எடுத்து நீட்டி ‘ஊ’ என்றான். ‘நெல்லா? நெல்லைக் கண்டுபிடித்துவிட்டாயா? கோழிக்குப் போடுவோமா?’ என்று கேட்டுவிட்டுப் பேசாமல் அவன் முகத்தையே பார்த்திருந்தார். அவன் முற்றத்துக் கோழியைப் பார்த்தான், அப்பம்மாவைப் பார்த்தான், பிறகு ‘கோ’ என்றான். அந்தக் காத்திருப்புத்தான் கெட்டித்தனம். நாங்கள் கேள்வியையும் கேட்டு, மூச்சு விடாமல் பதிலையும் சொல்லிவிடுகிறோம். பிள்ளைக்கு முறை வருவதே இல்லை.

பிள்ளை ஒரு சத்தம் போட, பெரியவர் திருப்பிப் பேச, அவள் மறுபடி சத்தம் போட என்று மாறி மாறிப் போகும்போதுதான் மூளையில் பேச்சுக்கான இணைப்புகள் உறுதிப்படுகின்றன. கைபேசி பேசிக்கொண்டே இருக்கும், அவள் ‘கோ’ என்றால் அதற்குக் கேட்காது. 2019இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டலில், இரண்டு வயதுக்குள் திரை வேண்டாம், அதன் பிறகு நான்கு வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது என்றே இருக்கிறது. கணவரிடம் இதைச் சொல்லுங்கள். கையோடு அவருக்கு ஒரு வேலையும் கொடுங்கள்: மாலையில் கிணற்றடியில் பிள்ளையைக் குளிப்பாட்டுவது இனி அவர் பொறுப்பு. வாளி, தண்ணீர், கை, கால், குளிர் என்று அங்கே பேசப் பொருளுக்குப் பஞ்சமில்லை. பாட்டும் அவரே பாடட்டும், சுருதி பிசகினால் பிள்ளை குறை சொல்ல மாட்டாள்.

மாமிக்குப் பாடம் நடத்தப் போகாதீர்கள், சண்டையில்தான் முடியும். ‘மாமி, இன்று பிள்ளை என்ன சொன்னாள்?’ என்று வந்ததும் கேளுங்கள். நாளைக்கும் கேட்பீர்கள் என்று தெரிந்தால் அவரே பேச்சுக் கொடுத்துப் பார்ப்பார். நீங்கள் அடுப்படியில் நிற்கும்போது பிள்ளையிடம் ஒரு சட்டியும் அகப்பையும் கொடுத்து அருகில் இருத்துங்கள். வெங்காயம் உரிப்பதைச் சொல்லிச் சொல்லி உரியுங்கள். அதற்கு மேல் உங்களிடம் யாரும் எதிர்பார்க்க முடியாது.

வயலுக்குக் கூட்டிப் போவதில், வாடியில் அவளைப் பார்ப்பதற்கென்றே ஓர் ஆள் இருந்தால் மட்டும் எனக்குச் சம்மதம். நீங்கள் களையில் குனிந்தால் அரை மணி நேரம் நிமிர மாட்டீர்கள். வாய்க்காலில் முழங்காலளவு தண்ணீர் இந்த வயதுப் பிள்ளைக்குப் போதும், உயிர் போய்விடும். மருந்தடிக்கும் நாளில் அந்தப் பக்கமே வேண்டாம். அடித்துவிட்டு வருகிறவர் உடுப்பு மாற்றிக் குளித்த பிறகே பிள்ளையைத் தூக்க வேண்டும். மிச்ச மருந்தைச் சோடாப் போத்தலில் ஊற்றி வாடிக் கூரையில் செருகும் பழக்கம் உங்கள் வீட்டிலும் இருந்தால், அதை இன்றைக்கே நிறுத்துங்கள்.

கேள்வி: மகனுக்கு மூன்று வயது. பக்கத்து முன்பள்ளியில் இப்போதே எழுத்து எழுத வைக்கிறார்கள். இன்னொன்றில் மண்ணில் விளையாடத்தான் விடுகிறார்கள். எதில் சேர்ப்பது?
(வாசகர், வெருகல்)

பதில்: மண்ணில் விளையாட விடுவதில் சேருங்கள், தம்பி. பென்சிலைப் பிடிக்கும் பலம் விரல்களுக்கு மண் பிசைந்தும், மணி கோத்தும், கதவுக் கொளுக்கியைத் திறந்து மூடியும்தான் வருகிறது. விஜயதசமிக்கு ஏடு தொடக்கியிருந்தால் நல்லது, அதற்காக மறுநாளே கொப்பி நிரப்ப வேண்டும் என்று இல்லை. ஐந்து வயது நிறைந்த பிறகுதானே முதலாம் தரம்? சேர்ப்பதற்கு முன் அந்த முன்பள்ளியின் கிணற்றுக்குக் கட்டும் மூடியும் இருக்கின்றனவா, மலசலகூடம் சுத்தமா என்று நேரில் போய்ப் பாருங்கள்.

கேள்வி: என் பேரனுக்கு 11 மாதம். பிளேன்டீயில் விசுக்கோத்துத் தோய்த்துக் கொடுத்தால் விரும்பிச் சாப்பிடுகிறான். மருமகள் கூடாது என்கிறாள். என் ஐந்து பிள்ளைகளும் அப்படித்தானே வளர்ந்தார்கள்?
(ஓர் உம்மும்மா, கிண்ணியா)

பதில்: ராத்தா, இந்த வழக்கில் மருமகள் பக்கம்தான் தீர்ப்பு. தேயிலையில் உள்ள தனின், உணவில் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள விடாமல் தடுக்கிறது. ஆறு மாதத்துக்குப் பிறகு பிள்ளைக்கு இரும்புச்சத்து மிகவும் தேவை, தாய்ப்பாலில் கிடைப்பது மட்டும் போதாது. இரத்தச்சோகை வந்த பிள்ளை சோர்ந்து ஒரு மூலையில் இருக்கும். விளையாட்டிலும் பழகுவதிலும் பின்தங்கும். கிண்ணியாவில் மீனுக்கு என்ன குறை? முள் நீக்கிய மீனையோ ஈரலையோ முட்டையையோ சோற்றோடு பிசைந்து கொடுங்கள். பருப்பு, கீரை கொடுக்கும் நாளில் கொஞ்சம் தேசிக்காய்ப் புளி விட்டால் அவற்றில் உள்ள இரும்புச்சத்து நன்றாகச் சேரும். தாய்ப்பாலையும் இரண்டு வயதுவரை நிறுத்த வேண்டாம்.

நிறை குறைவென்று கிளினிக்கில் திரிபோஷா என்ற சத்துமா தந்திருந்தால் அது பேரனுக்குத்தான். தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டு உருண்டை பிடித்து வீடு முழுவதும் பங்கு வைத்தால், அடுத்த முறை நிறுக்கும்போது தராசு காட்டிக் கொடுத்துவிடும். பிளேன்டீயை நீங்கள் குடியுங்கள், விசுக்கோத்தும் உங்களுக்கே.