வயரைப் பிடுங்க முதல் விளக்கைப் பாருங்கள்

யாழ்ப்பாணத்து வாசகர்கள் கேட்ட இணையக் கேள்விகளும் என் பதில்களும்.

கோண்டாவில்: அண்ணை, வைஃபை தொடுத்திருக்கிறது, ஆனால் கணினியில் ஒரு பக்கமும் திறக்குதில்லை. தங்கச்சியின் போனில் எல்லாம் வருகிறது. ரவுட்டரை மாற்றவோ?

காசை வீணாக்காதீர்கள் தம்பி. முதலில் தங்கச்சியின் போனில் டேட்டாவை நிறுத்திவிட்டு ஒருக்கா பாருங்கள். அதற்குப் பிறகும் வந்தால் ரவுட்டரும் வெளி லைனும் சரி, கோளாறு கணினியில்தான்.

கணினியில் கட்டளை அடிக்கும் கமாண்ட் பிராம்ப்ட் திரையைத் திறந்து ஐபிகான்ஃபிக் (ipconfig) என்று ஆங்கிலத்தில் இடைவெளி விடாமல் அடியுங்கள். ஐபிவி4 முகவரி, அதாவது நெட்வொர்க்கில் உங்கள் கணினிக்குள்ள எண், 169.254 என்று தொடங்கினால், ரவுட்டரிடமிருந்து முகவரி கிடைக்காமல் கணினி தானே ஒன்றைப் போட்டுக்கொண்டது என்று அர்த்தம். கணினியின் வைஃபை பட்டியலில் சேமித்திருக்கும் அந்த இணைப்பை அழித்துவிட்டு, கடவுச்சொல் கொடுத்துத் திரும்பத் தொடுங்கள். முகவரி 192.168 என்று ஒழுங்காக இருந்தால் அடுத்து அதே திரையில் ping 8.8.8.8 என்று அடியுங்கள். இதற்குப் பதில் வந்தும் தளங்கள் திறக்காவிட்டால், தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸில் கோளாறு. நெட்வொர்க் செட்டிங்கில் டிஎன்எஸ் இடத்தில் 1.1.1.1 அல்லது 8.8.8.8 போடுங்கள். பதிலே வராவிட்டால் வைரஸ் தடுப்பு மென்பொருளையோ விபிஎன்னையோ சற்று நிறுத்திப் பாருங்கள்.

சாவகச்சேரி: ஃபைபர் லைன். இரவு மழைக்குப் பிறகு எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரிகிறது. எத்தனை தரம் நிறுத்திப் போட்டும் சரிவரவில்லை.

இனி நிறுத்திப் போடாதீர்கள், பலனில்லை. அந்தச் சிவப்பு, வெளியிலிருந்து ஒளி உங்கள் பெட்டிக்கு வந்து சேரவில்லை என்பதற்கான அடையாளம். பெட்டிக்குப் பின்னால் போகும் மெல்லிய வயர் அலுமாரிக்குள் நெரிந்து மடிந்திருக்கிறதா, முனை இறுகப் பொருந்தியிருக்கிறதா என்று பாருங்கள். கழற்றினால் முனைக்குள் கண்ணை வைத்துப் பார்க்க வேண்டாம். அந்த லேசர் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணுக்குக் கூடாது.

பிறகு வளவுக்குள் லைன் வரும் வழியைப் பாருங்கள். பனையோலை விழுந்து இழுத்திருக்கலாம், அணில் கடித்திருக்கலாம். அறுந்திருந்தால் டேப் சுற்றி ஒட்டும் வேலை சரிவராது. அது செப்புக் கம்பிக்கான வைத்தியம். கண்ணாடி இழையை மெஷினால் உருக்கித்தான் இணைப்பார்கள். முறைப்பாடு கொடுக்கும்போது "நெட் இல்லை" என்று சொல்லாமல் "எல்ஓஎஸ் சிவப்பு" என்று சொல்லுங்கள். வருகிறவர் அதற்கேற்ற சாமானோடு வருவார்.

பருத்தித்துறை: தம்பி, எங்களுடையது சிம் போடும் 4ஜி ரவுட்டர். பின்னேரத்தில் கனடாவிலுள்ள மகனோடு கதைத்தால் படம் நின்று நின்று வருகிறது.

அன்ரி, பின்னேரம் ஊர் முழுக்க ஒரே டவரில் தொங்குகிறது. ரவுட்டரை நடு அறையிலிருந்து எடுத்து, டவர் பக்கமுள்ள ஜன்னலடியில் வையுங்கள். பழைய கல்வீட்டுச் சுவர் சிக்னலை நன்றாகவே குடிக்கும். பேக்கேஜ் டேட்டா முடிந்துவிட்டதா என்றும் பாருங்கள். முடிந்தால் வேகத்தைக் குறைத்துவிடுவார்கள். ஏலுமென்றால் மகனுக்குக் காலை 7 மணிக்கு எடுங்கள். டொரொன்டோவில் அப்போது முதல்நாள் இரவு 9.30, குளிர்காலத்தில் 8.30. மகனும் வேலை முடிந்து வீட்டில் இருப்பார்.

நல்லூர்: பழைய கணினி. எந்தத் தளத்துக்குப் போனாலும் 'பாதுகாப்பற்ற இணைப்பு' என்கிறது.

கணினியின் திகதியைப் பாருங்கள். பல வருடம் பின்னால் நிற்கும். திகதி பிழையென்றால் தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழைக் கணினி ஏற்காது. சரிசெய்தும் மறுநாள் பழையபடி என்றால் மதர்போர்டிலுள்ள சிஆர்2032 பட்டன் பற்றரி செத்துவிட்டது.

அச்சுவேலி: போன மாரியில் இடி விழுந்து டெலிபோன் லைன் ரவுட்டர் எரிந்தது. ஃபைபர் என்றால் பயமில்லையா?

கண்ணாடி இழையால் மின்சாரம் வராது. கரண்ட் வயரால் வரும், ரவுட்டருக்குள் புகுந்தால், ரவுட்டரையும் கணினியையும் தொடுக்கும் லான் வயரால் கணினிக்கும் போகும். இடி தூரத்தில் கேட்கும்போதே பிளக்கையும் லான் வயரையும் கழற்றிவிடுங்கள். சுவிட்சை மட்டும் நிறுத்தினால் போதாது.