ஸ்பீக்கர் எவ்வளவு தூரம் கேட்கும்?

வணக்கம் ஐயா,

எங்கள் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் ஒரு வாரமாகச் சண்டை. ஒரு சமயப் பேச்சாளர் நம் வழிபாட்டைக் கேலி செய்து பேசிய காணொளிதான் காரணம். அவர் மன்னிப்புக் கேட்டே ஆகவேண்டும் என்று பாதிப் பேர் கொதிக்கிறார்கள். சிலர் போலீஸில் புகார் கொடுக்கவே கிளம்பிவிட்டார்கள். என் அண்ணன் மட்டும், "அவருக்கு அவர் மதம்தான் உசத்தி, அப்படித்தானே பேசுவார்? மிரட்டி வாங்குற மன்னிப்பு எதுக்கு?" என்கிறார். ஒரு மதத் தலைவர் தான் நம்புவதைச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டுமா? கேட்டாலும் அதில் அர்த்தம் உண்டா?

செந்தூல் வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் அண்ணன் சொல்வதில் பாதி எனக்குச் சம்மதம். தன் மதம்தான் உசத்தி என்று சொல்வதற்கு யாரும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. இங்கே பினாங்கில் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், குவான் யின் கோயில், மகா மாரியம்மன் கோயில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் எல்லாம் பத்து நிமிட நடைக்குள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் உள்ளேயும் அவரவர் வழிதான் வழி. வெளியே வந்தால் எல்லாருக்கும் ஒரே கடையில் தே தாரேக், அதாவது ஆற்றிய பால் தேநீர். இதில் யாருக்கும் நஷ்டமில்லை. அடுத்தவன் கும்பிடுவதைக் கேலி செய்து கைதட்டல் வாங்கும்போதுதான் கணக்கு மாறுகிறது.

2006 செப்டம்பர் 12 அன்று போப் பதினாறாம் பெனடிக்ட், ஜெர்மனியில் தான் முன்பு பாடம் நடத்திய ரீகன்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் பேசினார். பேச்சின் நடுவே, பைசாந்தியப் பேரரசர் இரண்டாம் மானுவேல் நபிகளைப் பற்றிச் சொன்ன கடுஞ்சொல் ஒன்றை மேற்கோள் காட்டினார். பல நாடுகளில் கொந்தளிப்பு. 17ஆம் தேதி அவர் வருத்தம் தெரிவித்தார். எதற்கு? தன் உரையின் சில வரிகளுக்கு எழுந்த எதிர்வினைகளுக்கு. அது தன் சொந்தக் கருத்து அல்ல என்றும் சொன்னார். அதாவது, நான் சொன்னதற்கு இல்லை, உனக்குக் கோபம் வந்ததற்கு வருந்துகிறேன்! நம் வீட்டில் பிள்ளை இப்படிப் பேசினால் விடுவோமா?

ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். உரை அச்சில் வந்தபோது, முஸ்லிம்களின் சினம் புரிந்துகொள்ளக்கூடியதே என்று அடிக்குறிப்பில் எழுதிச் சேர்த்தார். நவம்பர் 30 அன்று இஸ்தான்புல் நீலப் பள்ளிவாசலுக்குள் காலணியைக் கழற்றிவிட்டுப் போய், அங்கிருந்த முஃப்தியின் பக்கத்தில் மௌனமாக நின்றார். செப்டம்பர் அறிக்கையைவிட இவை இரண்டும் எனக்குப் பெரிதாகப் படுகின்றன.

நம் ஊர்க் கதை உங்களுக்கே தெரியும். 2019 ஆகஸ்ட்டில் இஸ்லாமியச் சமயப் பேச்சாளர் ஜாகிர் நாயக் கோத்தா பாருவில் மலேசிய இந்துக்களையும் சீனர்களையும் பற்றிப் பேசியது, புக்கிட் அமான் போலீஸ் தலைமையகத்தில் மணிக்கணக்கில் விசாரணை, 20ஆம் தேதி மன்னிப்பு. தன் பேச்சைத் திரித்துவிட்டார்கள் என்ற விளக்கமும் கூடவே வந்தது. பிறர் சமய உணர்வை வேண்டுமென்றே புண்படுத்திப் பேசினால், குற்றவியல் சட்டத்தின் 298ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறை உண்டு. அதற்குப் பயந்து வரும் மன்னிப்பில் 'யார் மனமாவது புண்பட்டிருந்தால்' என்று ஓர் 'இருந்தால்' பதுங்கியிருக்கும். உங்கள் அண்ணனின் எரிச்சல் அந்த 'இருந்தால்' மேல்தான் என்று நினைக்கிறேன்.

சரி, நம் பக்கத்துக்கு வருகிறேன்.

சில வருஷங்களுக்கு முன் இங்கே ஒரு கோயில் திருவிழா. தமிழ்நாட்டிலிருந்து வந்த சொற்பொழிவாளர் ராமாயணத்தில் ஆரம்பித்து, எங்கோ தடம் மாறி, தொழுகையை வைத்து ஒரு ஜோக் அடித்தார். அதை இங்கே எழுதப் போவதில்லை. கூட்டம் சிரித்தது, நானும் சிரித்தேன். கையில் சுண்டல் பொட்டலம். சிரித்த சிரிப்பில் இரண்டு கடலை மடியில் விழுந்ததுகூட நினைவிருக்கிறது. பந்தலுக்கு வெளியே கம்பத்தில் ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். தெருமுனை வரை கேட்கும். தெருமுனையில்தான் பாய் கடை. வருஷா வருஷம் திருவிழா நீர்மோருக்கு ஐஸ் கொடுத்தனுப்புகிறவர்.

மறுநாள் காலை பசியாறப் போனேன். பாய் வழக்கம்போல் தே ஆற்றி வைத்தார். "நேத்து ஸ்பீக்கர் நல்லாக் கேட்டுச்சுண்ணே" என்றார். அவ்வளவுதான். அடுத்த மேசையைத் துடைக்கப் போய்விட்டார். எனக்கு ரொட்டி சானாய் தொண்டையில் இறங்கவில்லை.

கோயில் தலைவரிடம் போய், இன்றிரவு அதே மைக்கில் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள் என்றேன். "அவங்க ஆளுங்க நம்மளப் பேசலையா? முதல்ல அவங்க கேக்கட்டும்" என்றார். சொற்பொழிவாளர் அவரைவிடத் தேவலை. பாயைத் தனியாகப் பார்த்து மன்னிப்புக் கேட்கத் தயார், ஆனால் மைக்கில் மட்டும் வேண்டாமே என்றார். அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. புண்பட்டவன் கையைப் பிடிப்பது அவருக்குக் கஷ்டமே இல்லை. கைதட்டியவர்கள் முகத்தைப் பார்த்து, நான் பேசியது தப்பு, நீங்கள் சிரித்ததும் தப்பு என்று சொல்வதுதான் கஷ்டம். உங்கள் காணொளிக்காரரிடம் நான் கேட்பதும் இதைத்தான். உங்களிடம் வந்து கேட்க வேண்டாம். பேசிய மேடையில், அந்தக் கூட்டத்தின் முன்னால், 'இருந்தால்' இல்லாமல் சொல்லட்டும். புகார் கொடுத்து இதை வாங்க முடியாது. அவர் கூட்டத்திலிருந்தே யாராவது எழுந்து கேட்டால் ஒருவேளை நடக்கும்.

எங்கள் கோயிலில் நடக்கவில்லை. மைக்கில் யாரும் எதுவும் சொல்லவில்லை. அடுத்த வருஷமும் பாய் ஐஸ் கொடுத்தனுப்பினார்.

அந்த வருஷ ஹரி ராயாவுக்கு (நோன்புப் பெருநாளுக்கு) பாய் வீட்டுக்குப் போனேன். 'மாஆஃப் ஸாஹிர் டான் பாத்தின்' என்று கையைப் பிடித்தேன். வெளியே செய்ததற்கும் உள்ளே நினைத்ததற்கும் மன்னியுங்கள் என்று இந்த நாட்டில் எல்லாரும் எல்லாரிடமும் சொல்வதுதானே. அவரும் அதையே திருப்பிச் சொல்லிவிட்டு, கெத்துப்பாட் (ஓலையில் வேகவைத்த சோற்றுக் கட்டி) தட்டை என் பக்கம் நகர்த்தினார். அன்றிரவு சிரித்தவர்களில் நானும் ஒருத்தன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் வேறு விருந்தாளிகள் வந்துவிட்டார்கள். இன்னும் சொல்லவில்லை.

அன்புடன்,
பினாங்கிலிருந்து