ஆட்டிசம் பிள்ளைகள் வரும் கதைகள்: நூலகர் பதில்கள்

என் மகளுக்கு 10 வயது, ஆட்டிசம் உண்டு. ஆங்கிலம் நன்றாகவே படிப்பாள். எதில் தொடங்கலாம்?

எல் மெக்நிக்கலின் ‘எ கைண்ட் ஆஃப் ஸ்பார்க்’ (2020). எழுதியவரும் ஆட்டிசம் உள்ளவர்தான். நாயகி ஆடிக்கு 11 வயது, ஊர் ஸ்காட்லாந்தில் ஒரு கிராமம். அங்கே முன்பு சூனியக்காரிகள் என்று சொல்லிக் கொல்லப்பட்ட பெண்களுக்கு நினைவுச் சின்னம் வைக்கச் சொல்லி ஊரோடு மல்லுக்கு நிற்கிறாள். அந்தப் பெண்களும் தன்னைப் போலத்தான் இருந்திருப்பார்களோ என்ற எண்ணம் அவளை விடுவதில்லை. கதையை நகர்த்துவதே அவள்தான். யாருக்கும் பாடம் சொல்ல அவளை அங்கே உட்கார வைக்கவில்லை. நான் புத்தகம் வாங்கும்போது முதலில் பார்ப்பது இதைத்தான். ஒன்று, தொடக்கத்திலேயே ஒரு டீச்சர் ஆடியை வகுப்பில் அவமானப்படுத்துகிறார். பள்ளியில் அப்படி அவமானப்பட்ட பிள்ளை என்றால் கூட உட்கார்ந்து படியுங்கள்.

நாய் கொலையைத் துப்பறியும் பையன் கதையை எல்லோரும் சொல்கிறார்களே, 9 வயது மகனுக்கு வாங்கலாமா?

மார்க் ஹாடனின் ‘தி க்யூரியஸ் இன்சிடென்ட் ஆஃப் த டாக் இன் த நைட்-டைம்’ (2003) நாவல்தானே? இப்போது வேண்டாம். கெட்ட வார்த்தைகள் தாராளம். கதை சொல்லும் பையனுக்கே 15 வயது. சியோபான் டௌட் எழுதிய ‘தி லண்டன் ஐ மிஸ்ட்ரி’ (2007) வாங்குங்கள். லண்டன் ஐ என்ற ராட்சத ராட்டினத்தில் 11.32க்கு ஏறிய சலீம், சுற்று முடிந்து கதவு திறந்தபோது உள்ளே இல்லை. அவனுடைய உறவுக்காரப் பையன் டெட், மூளை வேறு விதமாக வேலை செய்யும் வானிலைப் பைத்தியம், தன் அக்காவோடு சேர்ந்து கண்டுபிடிக்கிறான்.

மூத்தவனுக்கு ஆட்டிசம். “எப்பவும் அவன்தானா?” என்று சின்னவள் அழுகிறாள்.

சிந்தியா லார்டின் ‘ரூல்ஸ்’ (2006). எழுதியவரின் மகனுக்கு ஆட்டிசம் உண்டு. ஆட்டிசம் உள்ள தம்பிக்காக நாயகி கேத்தரின் எழுதும் விதிகளில் ஒன்று, மீன் தொட்டியில் பொம்மை போடக் கூடாது! பாசம், வெட்கம், கோபம் மூன்றையும் ஒளிக்காமல் சொல்லும் கதை. ஆனால் இது அக்காவின் புத்தகம். சின்னவளுக்குக் கொடுங்கள், “இது உன்னைப் பத்தின புக்” என்று மூத்தவனிடம் நீட்டாதீர்கள்.

பெர்சி ஜாக்சன் இந்தப் பட்டியலில் வருமா?

ஆட்டிசம் இல்லை, ஆனாலும் தாராளமாக. ஏ.டி.எச்.டி.யும் (கவனம் நிற்காத, துறுதுறுவென்று இருக்கும் தன்மை) டிஸ்லெக்சியாவும் (வாசிப்பதில் சிரமம்) உள்ள தன் மகனுக்கு ரிக் ரியோர்டன் சொன்ன படுக்கை நேரக் கதைதான் அது. பெர்சிக்கும் இரண்டும் உண்டு.

தமிழில்?

எழுத்தாளர் யெஸ். பாலபாரதியின் ‘துலக்கம்’ நாவல் இருக்கிறது. ஆனால் அது பெற்றோரான நீங்கள் படிக்க வேண்டியது. சின்னப் பிள்ளைகளுக்கு நான் வாயால்தான் சொல்கிறேன். மூன்றாம் வகுப்பில் ராட்டினக் கதையைப் பாதியில் நிறுத்தினேன். எப்போதும் ஜன்னல் பக்கம் திரும்பி உட்காரும் பையன் மறுநாள் காலையில் வந்து, ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம் என்று கேட்டான். 30 நிமிஷம் என்றேன்.

“அப்ப 12.02” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.